சீட்டை இறக்கினால் போதாது

இன்று ஓசூரில் சைக்கிள் வாங்கப் போனேன். என்னைப் போன்ற குள்ளச்சிகளுக்கு எல்லாக் கடையிலும் ஒரே வைத்தியம்தான்.

"சீட்ட இறக்கிக் குடுக்கறேம்மா, சரியாப் போயிடும்."

சீட்டை இறக்கினால் கால் தரையில் எட்டும், சரி. ஹேண்டில்பார் கிட்டே வந்துவிடுமா? ஃப்ரேம் நீளமாக இருந்தால் கையை நீட்டி நீட்டியே, சிப்காட்டில் கம்பெனிக்குப் போய்ச் சேர்வதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்.

வாதாடி, உள்ளே கிடந்த சின்ன ஃப்ரேம் ஒன்றை எடுக்க வைத்தேன். அளவு பார்க்க இரண்டு பெடலிலும் கால் வைத்து உட்கார வேண்டும். பின்னால் ஒரு ஆள் பிடித்தால்தான் முடியும்.

"கூட யாரும் வரலியாம்மா?"

"இல்லண்ணே."

ஹாஸ்டல் அறையில் நாங்கள் மூன்று பேர், மூன்று ஷிஃப்ட். ஒருத்தியை ஒருத்தி போர்வைக்குள் தூங்கும்போதுதான் பார்க்கிறோம்.

கடைக்காரர் தன் மனைவியைக் கூப்பிட்டார். அந்த அக்கா சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உக்காரும்மா. நா புடிச்சிக்கினு இருக்கறேன், உழ மாட்ட."

கால் எட்டியது. முழங்கை இலேசாக மடங்கியது. முதல் முறையாக என் அளவில் ஒரு சைக்கிள்.

அளவு பார்த்து முடித்த பிறகும் நான் இறங்கவில்லை. அக்காவும் கையை எடுக்கவில்லை.

"கேரியர் போடட்டுமா?" என்றார் கடைக்காரர்.

பின்னால் உட்கார ஆளில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "போடுங்கண்ணே" என்றுவிட்டேன்.

ஆகவே, டபுள்ஸ் வர விருப்பமுள்ளவர்கள் உங்கள் ஷிஃப்ட்டைக் கமெண்டில் சொல்லவும். உயரம் ஒரு பிரச்சினையே இல்லை.