விழுந்த பிள்ளைக்கு ஓர் அடி

இந்த வாரம் வேறு விஷயம் எழுதுவதாக இருந்தேன். கை ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை என் மகள் நிர்மலாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பது வயது. பாவாடையைச் சற்றுத் தூக்கினால்... கெண்டைக்காலில் பல் பதிந்த தடம். ஆறத் தொடங்கியிருந்தது.

"என்னடி இது?"

"ஒண்ணுமில்லம்மா. நாய்."

"எப்போ?"

"போன சனிக்கிழமை."

அல்சூரில் எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஜட்கா வண்டி பிடித்தோம். வழி முழுக்க நான்தான் பேசினேன். நாயிடம் உனக்கென்ன வேலை, அப்பா கேட்டால் நான் என்ன சொல்வேன்...

டாக்டர் நிதானமானவர். என்னை விட்டுவிட்டு அவளிடம் கேட்டார்.

"அந்த நாய் இப்ப உயிரோட இருக்காம்மா?"

"இருக்கு டாக்டர். ஸ்கூல் மூலையில படுத்திருக்கும். தினம் பாக்கறேன்."

"தினமுமா? ஏன்?"

"கடிச்ச நாய் பத்து நாள் சாகாம இருந்தா நமக்கும் ஒண்ணும் ஆகாதாம். பக்கத்து வீட்டு மாமா யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தாரு. அதான்... என் இட்லியை அதுக்குப் போட்டுடுவேன்."

டிபன் டப்பா காலியாக வருகிறது, பெண் இப்போதெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று நான் எதிர்வீட்டில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அவளோ, தான் சாகாமல் இருக்க ஒரு தெருநாயைப் பிழைக்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தனியாக.

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ முதல்ல அடிப்பே. அப்புறம் உனக்குப் படபடன்னு வரும். போய்ப் படுத்துப்பே."

டாக்டர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

நம் வீடுகளில் இது வழக்கம்தானே? குழந்தை விழுந்தால் முதலில் முதுகில் ஓர் அடி — கண்ணை எங்கே வெச்சிருந்தே என்று. பிறகுதான் மஞ்சள், துணி எல்லாம். அதைக் கோபம் என்று நினைத்துக்கொள்கிறோம். எனக்கு அது பயம். பயத்தை இறக்கிவைக்க, பக்கத்தில் இருப்பது அந்தச் சின்ன முதுகுதான். நான் படித்தவள். குழந்தை வளர்ப்பைப் பற்றி இதே பக்கத்தில் எத்தனையோ வாரம் எழுதியிருக்கிறேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதது, ஒன்பது வயதுக்குத் தெரிந்திருக்கிறது.

நாய் பிழைத்திருப்பது நல்லதுதான், ஆனாலும் காத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் அன்றே ஊசியைத் தொடங்கிவிட்டார். தினம் ஒன்று, வயிற்றில்.

முதல் ஊசிக்கு நிர்மலா அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னடக்கார நர்ஸ், "எஷ்டு தைரியம் பாருங்கம்மா இந்தப் பொண்ணுக்கு!" என்று வியந்தாள். தைரியமா அது? எனக்குப் படபடப்பு வருகிறதா என்று காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கெடு இன்னும் முடியவில்லை. நாயைப் பார்க்க இப்போது நானும் கூடப் போகிறேன். இரவில் தூக்கம் பிடிப்பதில்லை.

நேற்று மூன்றாவது ஊசி. உள்ளே போகும்முன் அவளிடம் சொன்னேன்: "வலிச்சா கத்துடி. எனக்குப் படபடப்பு வந்தா வரட்டும். அதை நான் பாத்துக்கறேன்."

"அடிக்க மாட்டியே?"

"மாட்டேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஊசி ஏறியதும் போட்டாள் பாருங்கள் ஒரு சத்தம்... வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நேத்து வரைக்கும் நல்லா இருந்தாளே?" என்றாள் நர்ஸ்.

என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "இன்னிக்குத்தாம்மா நல்லா இருக்கா" என்றேன் நர்ஸிடம்.