ஐந்து கிளாஸும் ஒரு துப்பலும்: பசியாவரத்திலிருந்து பிரேமர்ஹாஃபன் வரை

அதிகாலை ஐந்து மணிக்கு, பழவேற்காடு ஏரித் தீவான எங்கள் பசியாவரத்தில் படகேறினேன். பையில் மாற்றுத் துணியைவிட மிளகாய்த்தூளும் நண்டு மசாலாவும்தான் அதிகம். நான் ஏரி நண்டு வாங்கி விற்கிறவன். என் மனைவியின் தம்பி ஏழுமலை, ஜெர்மனியின் வடகோடியில் பிரேமர்ஹாஃபன் என்ற துறைமுக ஊரில், மீன் ஆலையில் வேலை செய்கிறான். "ஒரு வாட்டி வந்துட்டுப் போ மாமா" என்று ஆறு மாதமாக நச்சரித்து, டிக்கெட்டும் அவனே எடுத்து அனுப்பிவிட்டான். பழவேற்காட்டில் பஸ் பிடித்து, திருப்பாலைவனம், பொன்னேரி தாண்டி, அறுபது கிலோமீட்டர் சென்னைக்கு ஆடி அசைந்து போனேன்.

மறுநாள் மியூனிக். அழைத்துப்போக வந்திருந்த ஏழுமலை, விமான நிலையத்து பெஞ்சிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்தான். அவன் ஊரில் ஹைகே என்ற அம்மாள் ஒரு பீர்க்கடை நடத்துகிறார். சமையல்காரர் வேலையை விட்டுப் போனதில் அடுப்படி பூட்டிக் கிடக்கிறது. அதை இவன் கேட்டிருக்கிறான். மீன் வெட்டுகிறவனை நம்பி அடுப்பைத் தர முடியாது என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார்.

"நைட் ஷிப்ட்டுல ஐஸ்ல கைய வச்சி வச்சி மரத்தே பூடுச்சி மாமா. நம்மூரு நண்டுக் கொழம்பு ஒரு நாள் வச்சிக் காட்டிட்டேன்னா அப்பறம் எனக்கு அந்த அடுப்புதான். நீ வந்து கூட நில்லு."

"நா நின்னா மட்டும் இன்னாடா ஆவும்?" என்றேன்.

ரயிலடிக்குப் பக்கத்துக் கடையில் பில்ஸ்னர் என்கிற பொன்னிற பீரை முதல்முதலாகக் குடித்தோம். முந்நூறு மில்லி கிளாஸ் நான்கு யூரோ, நம் காசுக்கு நானூறு ரூபாய்! அடப்பாவிகளா என்று வயிறெரிந்தபடியேதான் வாயில் வைத்தேன். தெற்குப் பக்கத்து பீர் சாது. முதலில் வறுத்த தானிய வாசனை, லேசான இனிப்பு, கசப்பு கடைசியில்தான் தலைகாட்டும்.

அன்று இரவு வழியில் சாவர்லாந்து மலைப்பக்கம் ஒரு சிற்றூரில் தங்கினோம். அங்கே ஒரே பீரைக் குழாயிலும் பாட்டிலிலும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பாட்டில் உடனே வந்தது. குழாய் பீரையோ கொஞ்சம் ஊற்றி, நுரை அடங்கக் காத்திருந்து, மறுபடி ஊற்றி, மறுபடி காத்திருந்தார் கடைக்காரர். "இன்னாடா, டீ ஆத்துற மாதிரி ஆத்திக்கினு இருக்காரு" என்று பொறுமை இழந்தேன். குடித்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். பாட்டில் பீரின் காற்று மூக்கில் சுருக்கென்று ஏறியது. குழாய் பீர் காற்றடங்கி, கெட்டி நுரைக்கு அடியிலிருந்து மெத்தென்று இறங்கியது. நம்மூரில் கடையில் வாங்கிய பாட்டில், படகேறி பசியாவரம் வருவதற்குள் கஞ்சித்தண்ணி ஆகிவிடும். அதைத்தான் இத்தனை வருஷம் பீர் என்று நம்பியிருந்தேன்.

மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு பிரேமர்ஹாஃபன். கடல் காற்று முகத்தில் அறைந்தது. நேரே ஹைகே கடைக்குப் போனோம். இந்த வடக்கத்தி பில்ஸ்னர் வேப்பங்கொழுந்தை மென்றது போலக் கசக்கும், ஆனால் கை அடுத்த மடக்குக்குப் போய்விடும். ஹைகே அறுபது வயது ஆஜானுபாகு. என் மச்சான் சும்மா இருந்தானா? "எங்க மாமா கண்ண மூடிக்கினே குழாயா பாட்டிலானு சொல்லுவாரு" என்று அளந்துவிட்டான். ஹைகே உள்ளே போய், ஒரே பீர் ஊற்றிய ஐந்து கிளாஸோடு வந்தார். சரியாகச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு உங்களுக்கு, இல்லாவிட்டால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார். கடையே எங்களைச் சுற்றிக் கூடிவிட்டது.

கண்ணை மூடினேன். ஒரு வாய் எடுத்தேன், நாக்கில் உருட்டினேன், சளக்கென்று இடப்பக்கம் துப்பினேன்.

ஐயோ! அது படகு இல்லை, பளபளவென்று துடைத்த மரத்தரை. ஏரியில் கடல் தண்ணீர் ஏறிவிட்டதா என்று பார்க்க ஒரு கை அள்ளி வாயில் உருட்டித் துப்புவது எங்கள் வழக்கம். உப்பு ஏறிய பக்கம்தான் வலை போகும். ருசி பார் என்றதும் பாழும் வாய் தானாகத் துப்பிவிட்டது.

ஹைகே முகம் சிவக்கத் துடைப்பத்தை எடுத்தார். ஏழுமலைக்கு அழுகையே வந்துவிட்டது. "போச்சி மாமா, எல்லாம் போச்சி."

"அழுவாத, நா சொல்றத அப்பிடியே சொல்லு" என்று, ஏரி, படகு, உப்பு எல்லாவற்றையும் கையை ஆட்டி விளக்கினேன். ஹைகே இடுப்பில் கைவைத்துக் கேட்டார். "துப்பியவரே மிச்சத்தையும் சொல்லட்டும், ஆனால் இனிமேல் விழுங்க வேண்டும்" என்றார்.

மறுபடி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். ஒன்றும் நான்கும் பாட்டில் என்றேன், சரி. இரண்டும் ஐந்தும் குழாய், அதுவும் சரி. மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டேன். உதட்டில் பட்ட நுரை குழாய் நுரை. ருசியில் உயிரே இல்லை. பாட்டில் என்று சொல்லச் சொல்லி ஏழுமலை காலை மிதித்தான். எனக்கோ, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்ததும் ஏரித் தண்ணீர் அடிக்கும் அந்தத் தேங்கின வாடை தெரிந்தது.

"கொழாய்ல வந்ததுதான். ஆனா ராவெல்லாம் பைப்புலயே கெடந்திருக்கு. ஊரத் தாண்டி வந்தவனுக்கு இதக் குடுக்கலாமா, கேளு!"

அவன் அதை அப்படியே மொழிபெயர்த்தான். ஹைகே மேசையில் ஓங்கித் தட்டிச் சிரித்தார். அது உள்ளே அன்று முழுக்கத் திறக்காத இன்னொரு குழாயில் முதலில் வந்தது, வழக்கமாகக் கீழே கொட்டிவிடுவாராம். பந்தயத்துக்கென்றே அதில் ஒரு கிளாஸ் பிடித்தாராம். அடுப்படிச் சாவி ஏழுமலை கைக்கு வந்தது. கூட்டம் கைதட்டியது. எனக்கு அப்படி ஒரு பெருமை!

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்க் கடல் நண்டை நம் மசாலாவில் இறக்கினோம். அந்தக் கசப்பு பீருக்கும் நம் காரத்துக்கும் அப்படிப் பொருந்திப்போனது. மூக்கு ஒழுக ஒழுகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். இரண்டு மணிக்குள் சட்டி காலி, நாளைக்கும் உண்டா என்று வாசலில் ஆள் நின்றது. அடுப்படிச் சாவியை ஹைகே திரும்பக் கேட்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை எனக்கு ரயில். பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். உள்ளே ஏழுமலை கரண்டியும் கையுமாக, "மாமா, கொழம்பு கொதிக்கிது, நீயே போயிக்கிறியா?" என்று திரும்பிப் பார்க்காமல் கத்தினான். மச்சான் வழியனுப்ப வராததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தனியாக ரயிலடிக்கு நடந்த மாமன் எங்கள் ஏரிக்கரையிலேயே நான் ஒருவன்தான்.