உப்பில்லாப் பத்தியம்

சுலோசனாவுக்கு முதலில் கால்தான் போனது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மரக்காணம் உப்பளத்தில், பாத்தியின் உப்புத் தண்ணீரில் நின்றே குதிகால் வெடித்துப் புண்ணாகி, இனி ஆறாது என்றாகிவிட்டது. மேஸ்திரி கலியமூர்த்தியிடம் கெஞ்சி, பேக்கிங் கொட்டகையில் ஓர் இடம் வாங்கினாள். அங்கே தரை காய்ந்திருக்கும். உப்பைப் பாக்கெட்டில் நிரப்பி, சூட்டு மெஷினில் வாயை ஒட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் கொட்டகை முழுக்கச் சாக்குத் தூசி. மூக்கு ஒழுகத் தொடங்கியது. தும்மல் ஒன்று வந்தால் அடுக்கடுக்காக வந்தது.

"ஏம்மா, பாக்கெட்ல உப்பு போடறியா, வேற எதுனா போடறியா?" என்றார் கலியமூர்த்தி. "மெட்ராஸ்லேர்ந்து கம்பெனிக்காரங்க பாக்க வர்றாங்க. அதுக்குள்ள நிறுத்து. இல்லன்னா பாத்திக்கே போயிடு."

மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த மாத்திரையில் தூக்கம் தூக்கமாக வந்தது. மெஷினில் விரலைச் சுட்டுக்கொண்டாள். திண்டிவனத்தில் காலேஜ் படிக்கும் மகள் நிவேதா வேறொன்று வாங்கி வந்தாள். மஞ்சள், நெல்லிக்காய், வெங்காயம் இவற்றின் சாற்றை வற்றவைத்து அடைத்த கேப்ஸ்யூல்.

"சாப்பாட்டுப் பொருள்தாம்மா. தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பினாள்.

இலையோ காயோ, நோய்க்கென்று உள்ளே போனால் உப்பைத் தள்ள வேண்டும் என்பது சுலோசனாவுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காமாலைக்குக் கீழாநெல்லி குடித்தபோதும் அப்படித்தான் இருந்தாள்.

"உப்பு மூட்டை மேல உக்காந்துகினு உப்பில்லாத கஞ்சியா? ஓனர் பாத்தா அழுவாருடி" என்றாள் பக்கத்து மெஷின் சூர்யகலா.

"நீ சிரி. தும்மல் நின்னுதா இல்லியா?"

நின்றுதான் போயிருந்தது. தகரக் கொட்டகை சித்திரை வெயிலில் கொதித்தது. வேர்க்க வேர்க்க வெறும் தண்ணீராகக் குடித்தாள். கெண்டைக்கால் இழுத்தது, தலை கனத்தது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கம்பெனிக்காரர்கள் வந்த அன்று அவள் ஒருமுறைகூடத் தும்மவில்லை. அவர்கள் அருகில் வந்தபோது, பாக்கெட்டைப் பிடித்தபடியே சரிந்தாள்.

ரத்தத்தில் உப்பு மிகவும் குறைந்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எங்கே வேலை என்று கேட்ட நர்ஸ், பதிலைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

எழுந்து நடக்க முடிந்ததும் கொட்டகைக்குப் போனாள்.

"தும்மல் சுத்தமா நின்னுடுச்சிங்க. பத்தியத்தாலதான் மயக்கம். இனிமே உப்பு போட்டே சாப்புடறேன்."

"தும்மலா இருந்தா மூக்குல துணி கட்டிக்கோன்னு விட்டிருப்பேன்" என்றார் கலியமூர்த்தி. "அவங்க எதிர்லயே விழுந்துட்டியே. மெஷின்ல விழுந்து எதுனா ஆனா யாரு பதில் சொல்றதுன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க."

"பாத்தியில விழுந்தா?"

"அங்க யாரும் பாக்க வர மாட்டாங்கம்மா."

அவர் கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாள் விடியலில் பாத்தியில் இறங்கினாள். உப்புத் தண்ணீர் வெடிப்புகளுக்குள் ஏறியது. எரிச்சல் அடங்கட்டும் என்று உப்பு வாரும் பலகையைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். அடங்கவில்லை. வாரத் தொடங்கினாள்.