வியாழனா, வெள்ளியா

கொனாடு என் பெரியப்பா மகன் போவாடுவின் மனைவி. டொரோண்டோவில் முதியோர் இல்லமொன்றில் வேலை. ஆறு வருடம் கழித்து, ஏழு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கானாவுக்கு, எங்களிடம் வந்தாள். போவாடுவுக்கு லீவு கிடைக்கவில்லை. விமானத்தில் குழந்தை பக்கத்து இருக்கைக்காரரின் கோட்டின் மேல் இரண்டு முறை வாந்தி எடுத்தது. இரண்டாவது முறை அவர் கோட்டைக் கழற்றி வைத்திருந்தாராம். குழந்தை எட்டி அதன் மேலேயே வாந்தி எடுத்தது.

அக்ராவில் இறங்கியதும் பாஸ்போர்ட் பார்த்த அதிகாரி கொனாடுவை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்தார்.

"விசா எங்க? உங்க ரெண்டு பேர்ல இவதான் வெளிநாட்டுக்காரி."

கொனாடு காட்டினாள்.

"பேரு யா. வியாழக்கிழமைக்காரியா? எங்கம்மாவும் வியாழன்தான். பிடிவாதமா?"

"ஏழு மாசமா, சார்."

முத்திரை விழுந்தது.

வெளியே நாங்கள் பதினோரு பேர் என் வேனில் வந்து காத்திருந்தோம். போவாடுவின் அக்கா போக்குவா, 'அஃபியா, வருக' என்று எழுதிய அட்டையைத் தலைக்கு மேல் பிடித்திருந்தாள். எங்களில் பிறந்த கிழமைதான் பெயர்; யா என்றால் வியாழக்கிழமைப் பெண், அஃபியா என்றால் வெள்ளிக்கிழமைப் பெண். கொனாடு அட்டையைப் படித்தாள். முகங்களைப் பார்க்காமலே, வேறு யாருடைய பிள்ளைக்கோ வந்த கூட்டம் என்று எங்களைத் தாண்டிப் போய்விட்டாள்.

"அடியே கொனாடு! கண்ணை அங்கயே விட்டுட்டு வந்துட்டியா?"

"அண்ணி! இது யாருக்கு எழுதினது?"

"உன் மகளுக்குத்தான்."

"இவ யா. வியாழக்கிழமை ராத்திரி ஒம்பது மணிக்குப் பொறந்தா. வலி வந்தது எனக்கு. எனக்குத் தெரியாதா?"

"போன் வந்தப்ப இங்க நடுராத்திரி மணி ஒண்ணேகால். வெள்ளிக்கிழமை. எடுத்தது நான். எனக்குத் தெரியாதா?"

"பொறந்தது அங்க, அண்ணி."

"பொறந்தது எங்க புள்ளைக்கு."

அங்கேயே போவாடுவுக்குப் போன் போட்டார்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டான். அவன் பேட்டரி கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். அவனிடம் வண்டியே கிடையாது.

எங்கள் ஊர் குமாசிக்கு ஐந்து மணி நேரம். பாதி வழி வரை இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். குழந்தை மட்டும் அழுதது. சாப்பிட நிறுத்தினேன். போக்குவா ஒன்றும் கேட்காமல் குழந்தையை வாங்கி, இடுப்புத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு, ரொட்டி விற்கும் பெண்களுக்கு நடுவே நடந்தாள். கொனாடு வறுத்த வாழைப்பழமும் மீனும் சாப்பிட்டாள். மடியில் பிள்ளையில்லாமல் சாப்பிடுவது மறந்துபோயிருந்தது. ஒரு வாய்க்கு ஒருமுறை மடியைத் தொட்டுப் பார்த்தாள்.

வேன் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கொனாடு வாயைப் பிளந்து தூங்கிவிட்டாள். ஒரு பள்ளத்தில் வண்டியை இறக்கினேன்.

"மெதுவா ஓட்டுடா," என்றாள் போக்குவா, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு. "யா முழிச்சுக்கப் போறா."

நான் கண்ணாடியில் பார்த்தேன்.

"ரோட்டைப் பாரு," என்றாள்.

மறுநாள் காலையில் கொனாடுவின் காதுபடப் போக்குவா கூப்பிட்டது மறுபடி அஃபியா என்றுதான். யா என்றாலும் அஃபியா என்றாலும் குழந்தை திரும்பவில்லை. கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.