கட்டைச் சாயப் பாய்

தங்கச்சியின் மகள் பொரித்த மீனில் தேசிக்காய் பிழிந்தாள். அந்தப் புளிப்பு மூக்கில் ஏறினால் எனக்குச் சோறு இறங்காது. மீனைக் குறை சொல்லாதீர்கள், குற்றம் ஒரு ஹாஜியாருடையது.

ஐம்பதுகளில் கல்முனைக்குடியில் புடவைக் கடை வைத்திருந்தவர். பன்புல்லில் இழைத்த பழைய பாய்களைச் சேர்ப்பதில் அவருக்குப் பைத்தியம். சப்பங்கிக் கட்டையை அவித்துச் சிவப்பேற்றிய பாய்தான் வேண்டும், கடைப் பக்கற்றுச் சாயம் ஆகாது. பாயின் மூலையில் தேசிக்காய் பிழிவார். கட்டைச் சாயம் மஞ்சளாகும், பக்கற்றுச் சாயம் அசையாது. ஆக, அவர் வீட்டில் தொங்கிய நல்ல பாய்க்கெல்லாம் மூலையில் ஒரு மஞ்சள் தழும்பு. அவற்றில் யாரும் உட்காரக் கூடாது.

அவருடைய மகனுக்கு என்னைப் பேசினார்கள். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார், அதனால் முதலில் வீட்டைப் பார்க்க வருவார்கள். வாப்பா மௌத்தாகி, உம்மா விதவையாக இருந்தார். உம்மாவிடம் பெருமைக்கு இருந்தது அவருடைய தாயார் இழைத்த பாய் ஒன்றுதான். சிவப்பு வெளிறிவிட்டதே என்ற வெட்கத்தில், மேல்பக்கம் முழுக்கப் பக்கற்றுச் சாயம் பூசிவிட்டார். போயும் போயும் அந்த மனிதருக்குக் காட்ட.

"என்ன சாயம் இது?"

"கட்டைச் சாயம்தான் ஹாஜியார். எங்கட உம்மா இழைச்சது."

சர்பத்துக்கு வைத்த தேசிக்காயை எடுத்துப் பிழிந்தார். சிவப்பு அசையவில்லை.

"சாயத்திலயே பொய் எண்டா, புள்ளயில எவ்வளவு இருக்குமோ."

எழுந்து போய்விட்டார்கள். கதவுக்குப் பின்னால் நின்று நான் எல்லாம் கேட்டேன்.

மறுநாள் உம்மா பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, அவர் வீட்டுக்கே போனார்.

"கீழ்ப்பக்கம் பாருங்க. வெளிறினதுக்கு நான்தான் மேல பூசின."

அவர் புரட்டிப் பிழிந்தார். மஞ்சள் படர்ந்தது. முகம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு.

"ஓம், அசல்தான். இஞ்சயே வெச்சிட்டுப் போங்க."

"அப்ப புள்ளட காரியம்?"

"நாம பாயைப் பத்தித்தானே கதைக்கிறம்."

உம்மா வைத்துவிட்டு வந்தார். பாய் கிடந்தால் மனம் இளகும் என்று நம்பினார், பாவம். பாய் அங்கே போயிற்று, மாப்பிள்ளை இங்கே வரவில்லை. பொய்ச்சாயக்காரி மகள் என்ற பேர் ஊருக்குள் பரவியபின் வேறு யாரும் வரவுமில்லை.

ஹாஜியார் போய்ச் சேர்ந்ததும் அவர் பிள்ளைகள் பாய்களை நெல் காயப்போட விரித்தார்களாம். வெயிலும் மழையும் தின்று தீர்த்தன. கேட்டபோது சந்தோசமாகத்தான் இருந்தது.

எனக்கும் மாப்பிள்ளைக்குமென்று உம்மா சுண்ணாம்படித்து வைத்த அறையில் கடைசிவரை தேங்காய்தான் கிடந்தது. போன மாதம் தங்கச்சியின் மகன் அதை இடித்து, மோட்டார் சைக்கிள் விட இடமெடுத்தான். என்னிடம் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும், அதில் ஒருநாளும் நான் படுத்ததில்லையே.