கொக்கி இல்லாத தூண்டில்

என் தங்கை எர்லீனைக் கட்டியவன் ஒவீத். சதுப்பு ஆற்றங்கரையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறான். பள்ளிப் பேருந்து ஓட்டுவது வேலை; மற்ற நேரமெல்லாம் கார் மீன். முதலையின் மூஞ்சியை ஒரு மீனுக்கு ஒட்டி ஆள் உயரத்துக்கு வளர்த்துவிட்டால் அதுதான் கார். எங்கள் ஊரில் அதைக் கெண்டைத் துண்டு குத்திய கொக்கியால் பிடிப்பார்கள், இல்லையென்றால் வில்லால் எய்வார்கள். மறுநாள் அந்த வீட்டில் மீன் உருண்டை பொரிக்கிற வாசனை தெருவெல்லாம் வரும்.

ஒவீதுக்கு இரண்டும் ஆகாது. அவன் தூண்டிலில் கொக்கியே கிடையாது. ஒரு சாண் நைலான் கயிற்றில் முடிச்சுப் போட்டு, அதற்குக் கீழே இழை இழையாகப் பிரித்து, நாய்க்கு வைத்திருக்கும் சீப்பால் சீவிவிடுவான். கலங்கல் தண்ணீருக்கு வெள்ளைக் கயிறு, தெளிந்த தண்ணீருக்குப் பச்சை. மீன் கவ்வினால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. தூண்டில் நரம்பைத் தளர்த்திவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அது மெல்ல மெல்ல ஊசிப் பல்லெல்லாம் இழையில் சிக்கிக்கொள்ளும். கரைக்குக் கொண்டுவந்து, கண்ணில் ஈரத்துணி போட்டு, குறடால் ஒவ்வொரு இழையாக எடுத்துவிட்டுத் தண்ணீரில் விடுவான். இருபத்திரண்டு வருடமாக இதுதான்.

“ஒரு சொட்டு ரத்தம் கிடையாது மச்சான்” என்பான். கொஞ்சம் அதிகமாகவே சொல்வான். நானே பலமுறை கடுப்பாகியிருக்கிறேன்.

வில்லாளி விட்னி அவனோடு பள்ளியில் படித்தவன், வெல்டிங் வேலை. “நீ மீன் பிடிக்கலடா ஒவீத், அதுங்களுக்குப் பல்லு வெளக்கி விடுற” என்று கடைவாசலில் எல்லோர் எதிரிலும் சொல்வான். ஒவீத் அவனைக் கொலைகாரன் என்பான். விளையாட்டாக ஆரம்பித்த பேச்சு; கடைசியில் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசாமலே போனார்கள்.

எங்கள் பக்கம் பெரிய வெள்ளியன்று மண்ணைக் குத்தமாட்டோம். குத்தினால் ரத்தம் வரும் என்று நம்பிக்கை. கொக்கி போடுவதும் கூடாது என்பாள் எர்லீன். கொக்கியே இல்லாதவனுக்கு என்ன தடை? இந்த வருடம் அன்று காலையில் ஒவீத் படகை எடுத்தான். நானும் போனேன்.

மதியத்துக்கு மேல் கவ்வியது பெரியவள். வால் ஓரத்தில் ஒரு வெட்டு உள்ள பெண் மீன். அவன் நான்கு முறை பிடித்து விட்டிருக்கிறான். பிடித்த ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து அவள் நலம் சொல்வான். இந்த முறை அவள் ஓடி, தண்ணீருக்குள் கிடந்த சைப்ரஸ் அடிமரத்தில் நரம்பைச் சுற்றிவிட்டாள். கரையில் எர்லீன் வண்டியின் ஹாரனை அடித்தாள். மூன்று மணிக்குக் கோயிலில் சிலுவைப் பாதை. ஒவீத் கத்தியை எடுத்து நரம்பை வெட்டினான்.

“கயிறு அது வாயில இருக்கே, மாப்ள?”

“கொக்கியா மச்சான் இருக்கு? நாலு தரம் தலைய ஆட்டினா துப்பிடும்.”

நானும் நம்பினேன். கயிறு போடுகிற எல்லோரும் அப்படித்தான் நம்புகிறோம். நரம்பு அறுந்தால் சிரித்துக்கொண்டே அடுத்த கயிற்றைக் கட்டுவோம்.

கார் மீன் மூச்சு வாங்க மேலே வரும். மே மாதக் கடைசியில் பெரியவள் எங்கள் படகுக்குப் பக்கத்தில் வந்தாள். மேல் தாடையும் கீழ்த் தாடையும் கட்டுப் போட்டதுபோல் ஒட்டியிருந்தன. வெள்ளை இழைகளில் பாசி பிடித்திருந்தது. ஒரு விரல் இடைவெளியில் காற்றை உறிஞ்சிக்கொண்டு கீழே போனாள். ஒவீதின் முகத்தை நான் அதற்குமேல் பார்க்கவில்லை, பயமாக இருந்தது.

மறுபடி பிடித்தால் எடுத்துவிடலாம். ஆனால் வாய் திறக்க முடியாத மீனுக்கு எந்தத் தூண்டிலைப் போடுவது? அவனுக்குத் தெரிந்த அத்தனை வித்தையும் மீன் கவ்வுவதில்தான் ஆரம்பிக்கிறது. வலை போட்டான், கிழித்துக்கொண்டு போனாள். மூச்சு வாங்க வரும் இடத்தில் கம்பிச் சுருக்கோடு வெயிலில் அசையாமல் உட்கார்ந்தான். ஒரு முழம் தள்ளி எழுந்தாள். கடைசியில் வாழ்நாளில் முதல்முறையாகப் பெரிய முக்கொக்கி வாங்கி உடம்பில் மாட்டி இழுக்கப் பார்த்தான். ஓடு மாதிரிச் செதில், வழுக்கிவிட்டது. ஜூன், ஜூலை முழுக்க இதே பாடு. ஒவ்வொரு முறையும் அவள் தலை பெரிதாகவும் உடம்பு சிறிதாகவும் தெரிந்தது.

“ஏங்க, அது மீனுங்க” என்றாள் எர்லீன்.

“தெரியும்டீ. தின்னாம எத்தனை மாசம் உசுரோட இருக்கும்னும் தெரியும். அதான் கொல்லுது.”

ஆகஸ்டில் என்னைக் கூட்டிக்கொண்டு விட்னியின் பட்டறைக்குப் போனான். வெளியிலேயே நின்றான்.

“அவள எய்யணும்” என்றான்.

விட்னி முகமூடியைக் கழற்றினான். கேலி செய்வான் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். “எவள? உன் பெரியவளையா?”

“ஆமா. பட்டினியில சாகுது. என் கயிறு.”

விட்னி கையைத் துடைத்தான். “வில்லு தரேன், நீயே எய்டா.”

“எனக்குக் குறி தப்பும். அதுக்கு இனிமே ஒரு வலி வேண்டாம்.”

மறுநாள் காலை மூன்று பேரும் போனோம். அவள் எழுந்தாள். படகு பக்கத்தில் போயும் விலகவில்லை, விலகத் தெம்பில்லை. விட்னி ஒரே அம்புதான் விட்டான். தூக்கிப் படகில் போட்டபோது ஆள் உயர மீன் ஒரு பையன் கனம்கூட இல்லை.

ஒவீத் துணியை நனைத்து அவள் கண்ணில் போட்டான். குறடை எடுத்தான். அடிப்பல்லிலிருந்து ஒவ்வொரு இழையாக எடுக்க ஆரம்பித்தான், உயிருள்ள மீனுக்கு எடுப்பதுபோல, ஈறு கிழியாமல். விட்னி மூஞ்சியைப் பிடித்துக்கொடுத்தான். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசி இழை வந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“போதும்டா ஒவீத். இது போயிடுச்சு” என்றான் விட்னி.

“இது போயிடுச்சு. இருபத்திரண்டு வருஷமா எத்தனை தரம் நரம்பு அறுந்திருக்கு, மச்சான் கிட்ட கேளு. அதுங்கெல்லாம் எங்கடா இருக்கு? சொல்லு, போய் எடுத்து விடுறேன்.”

எனக்கும் அந்தக் கணக்குத் தெரியாது.