ஏழு முறை கழன்ற கைப்பிடி

முன்பல்லில் இரண்டு தட்டு. ‘டிக்’ என்றால் கல்லோ பீங்கானோ. ‘டொக்’ என்றால் மரம். சத்தமே வராவிட்டால் பிளாஸ்டிக். யார் எதை நீட்டினாலும் கைப்பிடிக்காரர் முதலில் அதைத் தன் பல்லை விட்டுத்தான் விசாரிப்பார். போன மாதம் ஒருவர் நீட்டிய உருண்டைத் துண்டைத் தட்டியும் சந்தேகம் தீராமல் ஓரத்தைக் கடித்தும் பார்த்தார். பிறகுதான் வந்தவர் வாயைத் திறந்தார். “எங்க மாமியாரோட கைத்தடிங்க. கீழ் நுனி.”

கைப்பிடிக்காரர் முகம் சுளிக்கவில்லை. “நல்லா வைரம் பாஞ்ச கட்டை. அவங்க எப்ப தவறினாங்க?”

“தவறலீங்க. அவங்களுக்கு இன்னும் தெரியாது.”

மடக்குக் கத்தியின் கைப்பிடியில் பள்ளம் தோண்டி, அதில் எதையாவது பதித்து, பதித்த இடம் விரலுக்குத் தெரியாதபடி இழைத்துத் தருவது அவர் தொழில். முத்துச்சிப்பி, வெள்ளி என்று யாராவது வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுவார். “அதெல்லாம் பொறக்கும்போதே அழகு. நடுவுல நான் எதுக்கு?” அவருக்கு வேண்டியது உடைந்த மூக்குக்கண்ணாடிச் சட்டம், கீறல் விழுந்த இசைத்தட்டு, செத்துப்போன கம்ப்யூட்டரின் பச்சைத் தகடு. பழைய ஜீன்ஸைப் பதினாறு அடுக்காகப் பசையில் தோய்த்து இறுக்கிப் பலகையாக்கி, அதை அறுத்தால் வரும் நீல வரிகளைப் பார்த்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் பிரம்பின் துண்டைப் பதித்துக்கொண்டு போனார். அந்தக் கத்தியால் நறுக்கிய பழத்தைப் பழைய மாணவர்கள் தொடுவதில்லை என்று கேள்வி.

கடை மாடிப்படிக்குக் கீழே. உள்ளே நிமிர்ந்து நிற்கக்கூடிய இடம் ஒன்றுதான்; அதில் அரவை இயந்திரம் நிற்கிறது. மனிதர்கள் உட்கார இரண்டு ஸ்டூல். அவருடையது ஒன்று, என்னைப் போல வேலையில்லாதவர்களுடையது மற்றது. மேலே சுவரில் அவர் கையாலேயே எழுதிய பலகை: ‘பதித்தது பெயராது.’ இது வெறும் விளம்பரமல்ல. பதித்த கத்தியைக் கொதிநீரில் போடுவார். பிறகு மாடியில் அக்கா வீட்டு ஃப்ரீசரில் ஒரு நாள் வைப்பார். அக்கா மட்டும் அந்த விஞ்ஞானத்தை மதிப்பதில்லை. “டேய், பட்டாணிப் பைக்குள்ள கத்திய வெக்காதடா, எவன் கையாவது போயிடும்!” என்று படியில் நின்று கத்துவார். என்னைப் பார்த்தால் குரலைத் தணித்து, “இவன் ஒட்டினது எதுவும் பேராது தம்பி. இவனையும் அந்த ஸ்டூல்ல யாரோ ஒட்டிட்டுப் போயிட்டாங்க,” என்பார்.

இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் கலக்கும் பசை ஒன்றைத்தான் அவர் பசை என்று ஒப்புக்கொள்வார். கலக்கினால் ஐந்து நிமிடத்தில் கல். மற்றதையெல்லாம், குறிப்பாகப் பள்ளிப் பிள்ளைகள் நோட்டில் படம் ஒட்டும் கோந்தை, “எச்சில்” என்பார்.

இப்பேர்ப்பட்டவர் பதித்தது ஒரே ஒருவருக்கு மட்டும் கழன்றுகொண்டே இருந்தது. அவர் நர்சரிக்காரம்மா. ஒரு செடியின் கிளையை இன்னொரு செடியில் பொருத்தி ஒட்டுக் கட்டுகிறவர். அவருடைய மடக்குக் கத்தியில் முதலில் பதித்தது உடைந்த பூந்தொட்டிச் சில்லு. எட்டு மாதத்தில் கழன்றது. அடுத்தது நீர் ஊற்றும் வாளியின் நீலக் காது, ஐந்து மாதம். பட்டுப்போன ரோஜாவின் வேர் மூன்று மாதம். கடைசியாகப் பதித்தது ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. கழன்ற துண்டை மற்றவர்கள் தொலைத்துவிட்டு வருவார்கள். இவர் மட்டும் ஒவ்வொரு முறையும் காகிதத்தில் மடித்து, உடையாமல் கொண்டுவருவார். முதல் இரண்டு முறை, “அண்ணா, இது கழண்டுடுச்சு,” என்றார். மூன்றாம் முறை, “இங்க பாருங்க, கழண்டுடுச்சு.” அண்ணா அத்தோடு சரி. அன்று முழுக்கக் கைப்பிடிக்காரர் எதையும் பல்லில் தட்டாமலே வாங்கிக்கொண்டிருந்தார்.

நான் துப்பறியும் ஆள் அல்ல. இருந்தாலும் கழன்ற துண்டுகளை அவர் ஒரு தீப்பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறாரே என்று எடுத்துப் பார்த்தேன். முதல் சில்லின் அடி ஓரத்தில் மெல்லிய தகட்டின் தடம். ஒட்டுக் கட்டுகிறவர்கள் மரப்பட்டையைக் கிழியாமல் நெம்பி எடுப்பார்களே, அந்தத் தகடு.

“இது தானா கழறல. நெம்பியிருக்காங்க,” என்றேன்.

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“அன்னிக்கே. கட்ட விரல்ல கட்டுப் போட்டுட்டு வந்தாங்க. கேட்டா, முள்ளு குத்திடுச்சுன்னாங்க.” அரத்தைத் துடைத்தார். “முள்ளு அவ்வளவு நீளமாக் கிழிக்காது.”

அப்போதுதான் இழுப்பறையின் அடியில் முக்கால்வாசி தீர்ந்த கோந்து பாட்டிலைக் கண்டேன். நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

“என் பசைய நெம்புறது லேசுப்பட்ட வேலையா? இன்னொரு வாட்டி கை வழுக்கினா?” என்றார், தொழில் சுத்தம் பற்றிப் பேசும் அதே குரலில்.

போன புதன்கிழமை மதியம் நர்சரிக்காரம்மா ஏழாவது முறையாக வந்தார். காகிதப் பொட்டலம், கத்தி. கூடவே விரல் நீளத்தில் ஒரு கட்டைத் துண்டு.

“நர்சரி எடத்த வித்துட்டாங்க. தங்கச்சி ஊர்ல ஒரு பண்ணையில கூப்பிட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை கெளம்புறேன்.”

“எவ்வளவு தூரம்?”

“ரயில்ல ஒரு நாள்.”

கைப்பிடிக்காரர் சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தார். நர்சரிக்காரம்மா கட்டைத் துண்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். “ஒட்டுச் சேந்த எடம் இது. ரெண்டு மரம். எங்க சேருதுன்னு கண்டுபிடிங்க பாப்போம்.”

கைப்பிடிக்காரர் அதைப் பல்லில் தட்டவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தெரியலையே,” என்றார்.

“இந்த வாட்டி கழறவே கூடாது. அங்க போய் யார்கிட்ட நிப்பேன்?”

“அங்கயும் யாராவது இருப்பாங்க.”

“இருப்பாங்க,” என்றார் நர்சரிக்காரம்மா, இருந்துவிட்டுப் போகட்டும் என்பதுபோல.

இதைவிட அதிகம் பேச இருவருக்கும் எந்தச் சட்டமும் தடை விதித்திருக்கவில்லை. மாடியிலிருந்து அக்காதான், “டீ ரெண்டா, மூணா?” என்று கேட்டார். “மூணு!” என்று கைப்பிடிக்காரர் கத்தியது தெருமுனைவரை கேட்டிருக்கும். “இல்லீங்க, மூட்டை கட்டணும். நாலு மணிக்கு வந்து வாங்கிக்கறேன்,” என்று நர்சரிக்காரம்மா எழுந்து போனார். மூன்று டீயும் வந்தது.

கட்டையை அறுத்து, பள்ளத்துக்கு அளவாக ராவி, உப்புத்தாளால் இழைத்தார். அட்டைத் துண்டில் இரண்டு குழாயையும் பிதுக்கித் தீக்குச்சியால் கலக்கினார். வழக்கமாக மூன்றாவது நிமிடத்தில் பசை பள்ளத்துக்குள் போயிருக்கும். அன்று கலக்கிக்கொண்டே இருந்தார். குச்சி நகர மறுத்தபின் கையை எடுத்தார். அது தானாக நின்றது.

பிறகு மெல்லிய உருண்டை அரத்தை எடுத்து, கட்டைத் துண்டின் ஓரத்தில் ஒரு சிறு பிறை ராவினார். மடக்குக் கத்தியைத் திறக்க அலகின் மேல் நகம் வைக்கும் குழி இருக்குமே, அதேபோல. தன் நகத்தை நுழைத்துப் பார்த்தார், போகவில்லை. இன்னும் கொஞ்சம் ராவினார். துண்டைப் பள்ளத்தில் வைத்துக் கத்தியோடு படியேறி, கையை நீட்டினார்.

“அக்கா, ஒன் நகம் நுழையுதான்னு பாரு.”

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கத்தியை வாங்கினார். பார்த்தார். பிறையில் நகத்தை வைத்து லேசாகத் தூக்க, துண்டு எழும்பியது.

“நுழையுதுடா,” என்றார். கத்தியைத் திருப்பிக் கொடுத்தார்.

கீழே வந்து கைப்பிடிக்காரர் கோந்து பாட்டிலைத் திறந்து, பள்ளத்தின் நடுவில் ஒரே ஒரு சொட்டு வைத்தார்.